மங்களம் பிடுங்குற பிளக்

முதல்ல ஒண்ணு கேக்கறேன், கைய தூக்குங்க. இடி இடிக்க ஆரம்பிச்சா உங்க வீட்ல யாரெல்லாம் ஓடிப்போய் டிவி பிளக்கையும் மோடம் பிளக்கையும் புடுங்குவீங்க?

பாத்தீங்களா, எல்லாரும் தூக்கிட்டீங்க. சிரிக்காதீங்க, நானும் புடுங்குறவதான். ஜொகூர்ல மோடம் கருகாத வீடு ஒண்ணு காட்டுங்க பாப்போம். மத்தியானம் வெயில் மண்டைய பொளக்கும், சாயங்காலத்துக்குள்ள வானம் கறுத்து டமார்னு இறங்கும். நம்ம அம்மாங்க அடுப்ப அணைக்க மறந்தாலும் பிளக்க புடுங்க மறக்க மாட்டாங்க.

உங்க மேனேஜர் எனக்கு போன் போட்டு, "ஸ்டெல்லாக்கா, ரிட்டையர் ஆகி வீட்ல சும்மாதானே இருக்கீங்க, புதுசா சேர்ந்த பிள்ளைங்களுக்கு வந்து பேசுங்க"ன்னாரு. சும்மா இருக்கேனாம்! என் பேத்தி ரெண்டு பேர வளத்துப் பாக்கச் சொல்லுங்க அவர. சரி, வந்துட்டேன். கேபிள் எப்படி இழுக்கறது, எந்த ஸ்விட்ச் வாங்கறதுன்னு நான் சொல்லப் போறதில்ல. அதெல்லாம் வீடியோவுல இருக்கு, என்னைவிட நல்லாவே சொல்றாங்க. நான் சொல்லப் போறது மாசாயில ஒரு முறுக்குக் கடைக்கு நெட்வொர்க் போட்ட கதை. ரிட்டையர் ஆகறதுக்குக் கொஞ்சம் முன்ன செஞ்ச வேல. பெரிய பெக்டரிங்களுக்கெல்லாம் செஞ்சிருக்கேன், அது எதுவும் என் தூக்கத்த கெடுத்ததில்ல. இது கெடுத்துச்சு.

அந்தக் கடைய நடத்தினது தேவகின்னு ஒரு பொண்ணு. நாப்பது வயசு இருக்கும். சிங்கப்பூர்ல ஒரு எலெக்ட்ரானிக் பெக்டரில வருஷக்கணக்கா வேல செஞ்சவ. தெரியுமில்ல அந்தப் பொழப்பு? விடியறதுக்கு முன்ன பஸ் ஏறணும், எல்லை தாண்ட கஸ்டம்ல கியூவுல நிக்கணும், வேல முடிச்சு மறுபடியும் கியூ, மறுபடியும் ரோட்டுல ஜேம். வீட்டுக்கு வந்தா பிள்ள தூங்கிருக்கும், கிளம்பும்போதும் தூங்கிக்கிட்டிருக்கும். ஒருநாள் அவ மகன் பள்ளிக்கூடத்துல அம்மா படம் வரையச் சொன்னா, கட்டில்ல போத்திப் படுத்திருக்கற மாதிரி வரைஞ்சிருக்கான். லீவு நாள்ல அவன் பாத்த அம்மா அதுதான். அத பாத்த அன்னிக்கே வேலைய விட்டுட்டா.

அவளுக்குக் கைவேல முறுக்கு. வீட்ல சுட்டு வித்தா, நல்லா போச்சு. மாசாயில ஒரு கடை லாட்ட வாடகைக்கு எடுத்தா. முன்னால ஆபீசும் பேக்கிங்கும். பின்னால சந்த தாண்டி வரிசை வீடுங்க இருக்கற தாமான்ல ஒரு வீடு, அங்கதான் அடுப்பு. அதே பஸ்ஸுல அவளோட போய்வந்த பொம்பளைங்களயே ஒவ்வொருத்தரா வேலைக்குக் கூட்டிக்கிட்டா. அதுல மூத்தவங்க மங்களம். அம்பது தாண்டினவங்க, முட்டி ரெண்டும் தேஞ்சுபோச்சு, ஆனா குரல் இருக்கே, பாசீர் கூடாங் வரைக்கும் கேக்கும்.

தீபாவளிக்கு முன்ன மூச்சு விட நேரமிருக்காது. தீபாவளி முடிஞ்சா ஈ ஓட்டணும். ஒரு சீசன் வியாபாரத்த வச்சு எத்தன பேருக்குச் சோறு போட முடியும்? அப்பதான் சிங்கப்பூர்ல ஒரு சூப்பர்மார்க்கெட்காரங்க அவ முறுக்க தின்னு பாத்துட்டு, வருஷம் பூரா எடுத்துக்கறோம்னு சொன்னாங்க. ஒரு நிபந்தனையோட. எந்தப் பாக்கெட்ட காட்டினாலும் அது என்னிக்கு சுட்டது, எந்த எண்ணெய் டின், எந்த மாவு மூட்டை, யார் கையில சுட்டதுன்னு உடனே கம்ப்யூட்டர்ல காட்டணும். ஒரு அதிகாரி நேர்ல வந்து பாப்பாங்க. சரியா இருந்தா ஆர்டர். இல்லன்னா இல்ல.

இல்லன்னா என்ன ஆகும்னு எல்லாருக்கும் தெரியும். தேவகி கடைய மூடுவா. எல்லாரும் மறுபடியும் அந்த பஸ்ஸுக்குப் போவாங்க. மங்களத்தோட முட்டிக்கு அந்த கியூ தாங்காதுன்னு அவங்களுக்கே தெரியும், ஆனா போகாம என்ன செய்ய?

என்ன கூப்பிடறதுக்கு முன்னாடியே அங்க ஒருத்தன் வேல செஞ்சுட்டுப் போயிருந்தான். கடைக்கும் பின் வீட்டுக்கும் நடுவுல சந்துக்கு மேல சாதாரண கேபிள இழுத்து, துணி காயப்போடற கயித்தோட சேத்துக் கட்டியிருந்தான். பாக்க நல்லா நேராத்தான் இருந்துச்சு. முதல் இடில இந்தப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர், அந்தப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர், நடுவுல இருந்த எல்லாம் மொத்தமா போச்சு. திறந்த வெளில செம்புக் கம்பிய இழுக்கறது இடிக்கு வெத்தல பாக்கு வச்சு அழைக்கற மாதிரி. இத மட்டுமாவது எழுதி வச்சுக்குங்க.

நான் போனப்ப அந்தக் கருகின வாசம் இன்னும் இருந்துச்சு. தேவகி ஸ்டூல்ல உக்காந்திருந்தா.

"அக்கா, மறைக்காம சொல்லிடறேன். கையில மிச்சம் இருக்கறது கொஞ்சந்தான். இன்னொரு தடவ கருகுச்சுன்னா நான் எந்திரிக்க மாட்டேன்."

"கருகாதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன் தேவகி. இடி என் சித்தப்பா மகன் இல்ல. ஆனா கருகினாலும் நீ எந்திரிக்கற மாதிரி செஞ்சு தரேன்."

அவ என்ன ஒரு மாதிரியா பாத்தா. சூடு கண்ட பூனை இல்லையா, நம்பறதுக்குக் கொஞ்சம் நாளாகும்.

கொறஞ்ச செலவுல நெட்வொர்க் போடறதுன்னா எல்லாத்துலயும் கஞ்சத்தனம் பண்றதுன்னு நெனைக்காதீங்க. எங்க மிச்சம் புடிக்கலாம், எங்க புடிக்கக் கூடாதுன்னு தெரியணும், அவ்வளவுதான். மூடின ஆபீஸ் ஒண்ணுலருந்து பழைய கம்ப்யூட்டர் ஒண்ண எடுத்தேன், அதுதான் சர்வர். பழைய லேப்டாப் ரெண்டு, அழகு கெட்டுப்போனது, ஆனா பேட்டரி நல்லா நிக்கும். ஒண்ணு பேக்கிங் மேசைக்கு, ஒண்ணு அடுப்பு வீட்டுக்கு. லேபல் அடிக்கறதுக்கு பேட்டரில ஓடற சின்ன பிரிண்டர். சர்வர் வைக்கறதுக்குத் தனி அலமாரியெல்லாம் இல்ல, மசாலா டின் வைக்கற தட்டுல ஒண்ண காலி பண்ணிக்கிட்டேன். ஆனா சந்துக்கு மேல கம்பியே கிடையாது. ரெண்டு ஜன்னல்லயும் ஒரு சின்ன பொட்டி, ஒண்ணை ஒண்ணு பாத்துக்கிட்டு காத்து வழியா பேசிக்கும். எர்த் வயர புதுசா இறக்கச் சொன்னேன். யூபிஎஸ் பழசுதான், பேட்டரி புதுசு. அங்கெல்லாம் கைய சுருக்கல.

எல்லாம் நல்லா ஓடுச்சு. தேவகி மூஞ்சில கொஞ்சம் களை வந்துச்சு. அந்த வாரமே ஒரு நாள் காலைல போன்.

"அக்கா, சர்வர் எழும்ப மாட்டேங்குது!"

போய் பாத்தா, சர்வர் கம்ப்யூட்டர் பாதில செத்துக் கிடக்கு. எழுதிக்கிட்டிருக்கும்போதே யாரோ யூபிஎஸ்லருந்து பிளக்க புடுங்கிருக்காங்க. யாருன்னு கேக்கவே வேணாம், மங்களம் தானாவே முன்னால வந்து இடுப்புல கை வச்சுக்கிட்டு நின்னாங்க.

"நான்தான் புடுங்கினேன். நேத்து சாயங்காலம் இடி இடிச்சுதுல்ல?"

"ஏங்க்கா, அதுக்குத்தானே யூபிஎஸ் போட்டிருக்கு! காப்பாத்தறதுக்குன்னே ஒரு பொட்டி இருக்கும்போது நீங்க எதுக்கு கைய வைக்கிறீங்க?"

"அந்தப் பொட்டி பேரெல்லாம் எனக்குத் தெரியாது. எங்க வீட்ல டிவி கருகினப்பவும் பக்கத்துல ஒரு பொட்டி இருந்துச்சு. அதுவும் சேந்துதான் கருகுச்சு."

"புடுங்கினதாலதான் இப்ப செத்திருக்கு!"

"புடுங்கலன்னா எரிஞ்சிருக்கும். செத்தது எழும்பும், எரிஞ்சது எழும்புமா?"

எனக்கு வந்த கோவத்துல மாதாவேன்னு வெளில போய் நின்னுட்டேன். தேவகி பின்னாலயே வந்தா. "அக்கா, ஒரு இரும்பு அலமாரி வாங்கிடறேன். சர்வர உள்ள வச்சுப் பூட்டிடுவோம். சாவி என்கிட்ட இருக்கட்டும்"னா.

இங்கதான் நீங்க கவனிக்கணும். பத்துப் பேர்ல ஒம்பது பேர் அந்த அலமாரியத்தான் வாங்கிருப்பாங்க. பூட்டு போடறது சுலபம். ஆனா சந்துல நின்னு நான் யோசிச்சேன். சாவி தேவகிட்ட இருக்கும், தேவகி குலாய்க்கு டெலிவரி போயிருப்பா. இடி இடிக்கும். பொறந்ததுலருந்து இடிக்குப் பிளக்க புடுங்கிப் பழகின கைங்க அந்தப் பூட்ட பாத்துக்கிட்டு சும்மா நிக்குமா? மேல இருக்கற மெயின் சுவிட்ச்ச இழுத்து அணைச்சிரும். அதோட, மனசாட்சியோட சொல்லணும்னா, மங்களம் பயந்தது பொய் பயமில்ல. அடுத்த கடை கூரைல விழுந்தா யூபிஎஸ் என்ன செய்யும், அதுவும் சேந்து போகும். அந்தப் பழக்கத்த அழிக்க நான் யார்? ஒரு கடைக்கு நெட்வொர்க் போட வந்தவ, ஜொகூர் ஜனங்கள திருத்த வந்தவ இல்ல.

உள்ள போனேன். "அலமாரியெல்லாம் வேணாம். மங்களக்கா, இனிமே இடி இடிச்சா நீங்கதான் புடுங்கணும். அது உங்க வேல. ஆனா நான் சொல்ற மாதிரி புடுங்கணும்."

இடுப்புல வச்சிருந்த கைய மங்களம் கீழ இறக்கினாங்க.

சர்வர மறுபடி எழுப்பிட்டு ரெண்டு வேல செஞ்சேன். முதல் வேல, லேப்டாப் ரெண்டும் சர்வர நம்பியே உக்காந்திருக்காம தங்களுக்குன்னு ஒரு நகல் வச்சுக்கற மாதிரி மாத்தினேன். சர்வர் தூங்கினாலும் இதுங்க பேட்டரில வேல செய்யும், லேபல் அடிக்கும், பாக்கெட்ட தேடிக் குடுக்கும். சர்வர் முழிச்சதும் நடந்தத அதுகிட்ட சொல்லிடும். ரெண்டாவது வேல, சர்வர் முன்னால இருக்கற பட்டன ஒரு தடவ தட்டினா தானா மூட்டை கட்டிப் படுத்துக்கற மாதிரி வச்சேன். பச்ச லைட்டு அணைஞ்ச பிறகு புடுங்கு, அதுக்கு முன்ன தொடாத. சட்டம் இது ஒண்ணுதான்.

மறுபடியும் மாட்டறதுக்கு வரிசை இருக்கு. எது முதல்ல எது கடைசின்னு இங்கிலீஷ்ல எழுதி ஒட்டினா ஒருத்தரும் பாக்கப் போறதில்ல. அவங்க டின்னுக்கு கலர் மூடி போட்டிருந்தாங்க, சிவப்பு முறுக்கு, மஞ்சள் ஓமப்பொடி, பச்ச பக்கோடா. அதே கலர் டேப்ப பிளக்குல சுத்தினேன். அதுக்கப்புறம் அந்தக் கடையில யாரும் மோடம் பிளக், சர்வர் பிளக்னு சொல்லல. "முறுக்கு மாட்டியாச்சா? ஓமப்பொடி மாட்டு. பக்கோடா கடைசி"ன்னுதான் பேச்சு. கேக்கறவன் நெட்வொர்க்க நெனைப்பானா, பசிதான் எடுக்கும்.

அப்புறம் பழக்கம் வரணும்ல. மழை வரட்டும்னு காத்திருக்க முடியாது. பெரிய தாம்பாளம் ஒண்ண எடுத்து கரண்டியால டமார்னு அடிச்சேன். அதுதான் இடி. முதல் தடவ எல்லாரும் ஒரே பிளக்குக்கு ஓடி ஒருத்தர் தலைல ஒருத்தர் முட்டிக்கிட்டாங்க. அடுப்பு வீட்ல ஒருத்தி எண்ணெய்ச் சட்டியோட ஓடி வந்துட்டா. அலமாக், எனக்கு உசிரே போச்சு! "அடுப்பு முதல்ல, பிளக் பிறகு"ன்னு கத்தினேன். பேக்கிங் மேசைக்கு ஒருத்தர், அடுப்பு வீட்டுக்கு ஒருத்தர், சர்வருக்கு மங்களம்னு பிரிச்சு விட்டேன். வேலைக்கு நடுவுல எப்ப வேணும்னாலும் தாம்பாளத்த அடிப்பேன். என்ன பாத்தாலே மங்களம், "வந்துட்டாங்கடி இடியம்மா"ம்பாங்க. ஆனா அவங்க விரல் பட்டன தட்டிட்டு அந்தப் பச்ச லைட்டயே முறைச்சுக்கிட்டு நிக்கும், அணையற வரைக்கும் பிளக்குக்குப் போகாது. அதுதான் எனக்கு வேணும்.

அதிகாரி வர்ற நாள் நெருங்கினதும் தேவகிக்கு வேற பயம் வந்துருச்சு.

"அக்கா, ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது. அன்னிக்கு மட்டும், அந்த அதிகாரியம்மா இருக்கற நேரத்துல இடி இடிச்சா, புடுங்க வேணாம்னு சொல்லிடலாமா? அவங்க கண்ணு முன்னாடியே எல்லாத்தயும் அணைச்சா, என்ன கடை இதுன்னு நெனைக்க மாட்டாங்களா?"

"முடியாது."

"ஒரே ஒரு நாள்தானேக்கா."

"தேவகி, அன்னிக்கு மட்டும்னு நீ சொன்னா, நாளைக்கு பெரிய ஆர்டர் இருக்கற அன்னிக்கு மட்டும்னு சொல்லுவ. அப்புறம் தீபாவளிக்கு மட்டும்பே. இந்தப் பொம்பளைங்க எத நம்பறது? விருந்தாளிக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணுன்னு நெட்வொர்க் போடத் தெரியாது எனக்கு."

"உங்களுக்கென்னக்கா, நீங்க வேலைய முடிச்சுட்டுப் போயிடுவீங்க. நாங்கதானே பஸ் ஏறணும்."

சுருக்னு தெச்சுது. உண்மைதானே அது. ஆனாலும் நான் அசையல. முடியாதுன்னா முடியாதுதான்னு சொல்லிட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து சோறு இறங்கல. எம் பிடிவாதத்துல இவங்க பொழப்பு போச்சுன்னா நான் என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டு மாசாய் பக்கம் போவேன்னு நெனச்சு நெனச்சு உருண்டேன். பிடிவாதமா இருக்கறவங்களுக்குப் பயமே கிடையாதுன்னு நெனைக்காதீங்க. பயத்தோடயேதான் பிடிவாதமா நிக்கணும்.

அந்த நாளும் வந்துச்சு. சூப்பர்மார்க்கெட்காரங்க முன்னாடியே சொல்லிட்டாங்க, நெட்வொர்க் போட்டவங்க கூட இருக்கக் கூடாது, கடையில வேல செய்யறவங்க மட்டும் இருக்கணும்னு. நியாயந்தான். நான் எதுத்தாப்ல இருக்கற மாமாக் சாப்பாட்டுக் கடையில போய் ஒரு தே தாரிக் டீ வாங்கிக்கிட்டு உக்காந்தேன். அங்கருந்து பாத்தா தேவகி கடையோட கண்ணாடி தெரியும், மசாலா தட்டு தெரியும், அதுல சர்வரோட பச்ச லைட்டு சின்னப் பொட்டா தெரியும்.

காலைல வர வேண்டிய அதிகாரி வரல. சிங்கப்பூர்ப் பாலத்துல ஜேம். காலைலன்னா இடி இருக்காதுன்னு எல்லாரும் நிம்மதியா இருந்தோம், அந்த நிம்மதி போச்சு. அவங்க வந்து சேர்ந்தப்ப மத்தியானம் தாண்டிருச்சு, பாசீர் கூடாங் பக்கத்துல வானம் சட்டி அடி மாதிரி கறுத்துக்கிட்டு வருது. அந்தம்மா ஒரு சீன அம்மா, குட்டை முடி, சிரிப்பு ஒண்ணும் பெரிசா இல்ல. உள்ள போனாங்க. தேவகி லேப்டாப்ப காட்டறா, அவங்க தலையாட்டறாங்க. என் தே தாரிக் ஆறிப்போய் ஏடு கட்டிருச்சு.

முதல் இடி இடிச்சுது.

மங்களம் எந்திரிச்சு மசாலா தட்டு பக்கம் போனாங்க. கைய நீட்டினாங்க. தேவகி ஓடி வந்து அந்தக் கைய புடிச்சுக்கிட்டா.

அடிப்பாவின்னு நான் எந்திரிச்சுட்டேன். வெண்ணெய் திரளும்போது தாழி உடையுதேன்னு இருந்துச்சு. போன் என் கையில. ஒரு தட்டு தட்டினா தேவகி எடுப்பா, "விடுடி அவங்கள"ன்னு சொல்லிடலாம். ரோட்ட தாண்டி ஓடினாலும் போயிடலாம். ஆனா அந்தம்மா பாக்க வந்தது என்ன? நான் இல்லாம இவங்க என்ன செய்வாங்கன்னுதான். நான் போன் பண்ணா, அன்னிக்கு ஜெயிச்சாலும் தோத்த மாதிரிதான். பல்ல கடிச்சுக்கிட்டு போன மேசைல கவுத்து வச்சேன். உக்காந்தேன். இந்தத் தொழில்ல நான் செஞ்சதுலயே கஷ்டமான வேல அதுதான். கம்பி இழுக்கறதெல்லாம் ஒரு வேலையா?

மங்களம் கைய இழுக்கல, கத்தவும் இல்ல. தேவகிய பாத்தாங்க, அவ்வளவுதான். அப்புறம் என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாம போச்சு. மழை ஊத்த ஆரம்பிச்சு கண்ணாடியெல்லாம் வெள்ளையாயிருச்சு.

அப்ப விழுந்துச்சு ஒண்ணு. பக்கத்துலயே எங்கயோ. மாமாக் கடை டிவி டப்னு நின்னுச்சு, கல்லாவுல இருந்த கார்டு மிஷின் புகஞ்சுது. கடைக்கார பாய் தலைல கைய வச்சுக்கிட்டாரு. "அலமாக்! ரெண்டும் போச்சே!" அந்த வரிசைல பல கடைங்களுக்கு அன்னிக்கு அடி. தேவகி கைய விட்டாளா இல்லையா? மாதாவே, பச்ச லைட்டு அணைஞ்சிருக்கணுமே, புடுங்கிருக்கணுமேன்னு செபமாலை சொல்லாத குறைதான்.

மழை கொஞ்சம் விட்டதும் அந்தம்மா குடைய விரிச்சுக்கிட்டு வெளில வந்தாங்க, கார்ல ஏறினாங்க, போயிட்டாங்க. மூஞ்சிய பாத்து ஒண்ணும் கண்டுபிடிக்க முடியல. நான் ஒரு பிளாஸ்டிக் பைய தலைல கவுத்துக்கிட்டு ரோட்ட தாண்டினேன்.

உள்ள போனா எல்லாரும் ஒரே நேரத்துல பேசறாங்க. அதட்டி ஒவ்வொருத்தரா பேச வச்சேன். நடந்தது இதுதான்.

தேவகி கைய புடிச்சதும் மங்களம் மெதுவா சொல்லிருக்காங்க: "தேவகி, நீ புடிச்சுக்கிட்டிருக்கறது என் கைய இல்லம்மா. நம்ம எல்லாரோட கைய." தேவகி விட்டுட்டா. பட்டன தட்டி, பச்ச லைட்டு அணையற வரைக்கும் மங்களம் நின்னு, அப்புறம் புடுங்கிருக்காங்க. மத்தவங்களும் அவங்கவங்க பிளக்க புடுங்கினாங்க. அதுக்கப்புறம்தான் அந்தப் பெரிய இடி.

அதிகாரி கேட்டாங்களாம்: "என்ன நடக்குது? சிஸ்டம் போச்சா?" மங்களம்தான் மலாயும் இங்கிலீஷும் கலந்து, "போகல, தூங்குது. இங்க இடி இடிச்சா நாங்க தூங்க வச்சிருவோம்"னு சொல்லிருக்காங்க.

அந்தம்மா கைப்பைக்குள்ள கைய விட்டு தேவகி கடை முறுக்குப் பாக்கெட் ஒண்ண எடுத்தாங்களாம். வர்ற வழில ஜொகூர் பாருல ஏதோ கடையில வாங்கினது. "அப்ப இத இப்பவே தேடிக் காட்டுங்க"ன்னாங்களாம். பேக்கிங் மேசைல இருந்த பொண்ணு பேட்டரில ஓடிக்கிட்டிருந்த லேப்டாப்புல லேபல் நம்பர தட்டினா. நாள் வந்துச்சு, எண்ணெய் டின் வந்துச்சு, மாவு மூட்டை வந்துச்சு, சுட்டது மங்களம்னு வந்துச்சு. அந்தம்மா மங்களத்த பாத்தாங்களாம். "ஆமா, நான்தான். நல்லா இருந்துச்சா?"ன்னு கேட்டிருக்காங்க இவங்க!

மழை தணிஞ்சதும் முறுக்கு, ஓமப்பொடி, பக்கோடான்னு வரிசையா மாட்டினத அந்தம்மா நின்னு பாத்தாங்களாம். சர்வர் எழும்பினதும் கடைசியா ஒண்ணு கேட்டாங்க: "சிஸ்டம் கெட்டுப்போனா கூப்பிடறதுக்கு டெக்னீஷியன் நம்பர் குடுங்க."

"நம்பர் எதுக்கு? நாங்க இருக்கோம்ல"ன்னாங்களாம் மங்களம்.

இத அவங்க என்கிட்டயே சொல்லிட்டு சிரிக்கறாங்க. எனக்கு வலிச்சுதுதான், சொல்றதுக்கென்ன. ஆனா சந்தோஷமும் தாங்கல. ஒரு கடைக்கு நாம போட்ட நெட்வொர்க் நல்ல நெட்வொர்க்கான்னு தெரியணும்னா, அவங்க நம்ம நம்பர எங்க வச்சிருக்காங்கன்னு பாருங்க. அடுப்புக்கு மேல பெரிசா எழுதி ஒட்டியிருந்தா, நீங்க இன்னும் வேலைய முடிக்கல.

"சரி, கடைசில என்னதான் சொன்னாங்க?"ன்னு கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லலக்கா"ன்னா தேவகி. "தகவல் சொல்றோம்னாங்க. அவ்வளவுதான்." அவ கண்ணுல தண்ணி. "நான் கைய புடிச்சத பாத்திருப்பாங்க. அதான்."

யாரும் வீட்டுக்குப் போகல. போகலாம்னு யாரும் சொல்லவும் இல்ல. ஒருத்தி தே போட்டா, யாரும் குடிக்கல. நான் சும்மா உக்காந்திருக்க முடியாம சர்வர் தூசிய தொடச்சேன், இல்லாத தூசிய. அப்ப தேவகி போன் அடிச்சுது. சிங்கப்பூர் நம்பர்.

ஸ்பீக்கர்ல போட்டா. அந்தம்மாதான். பின்னால ஹாரன் சத்தம். பாலத்துல மறுபடியும் மாட்டிக்கிட்டாங்களாம், கார் நகரல, சும்மா இருக்கற நேரத்துல பேசிடலாம்னு கூப்பிட்டாங்களாம். இங்கிலீஷ்ல மளமளன்னு பேசினாங்க. "நான் பாக்கப் போற கடைங்கள்ல எல்லாரும் எனக்குக் காட்டறது எல்லாம் நல்லா ஓடற நாள மட்டும்தான். ஓடாத நாள நான் பாத்தது இன்னிக்குத்தான். முதல் லோரி எப்ப அனுப்புவீங்க?"

தேவகி தலைய தலைய ஆட்டறா, போன்ல தெரியற மாதிரி. நான்தான் முதுகுல ஒண்ணு வச்சேன். "சொல்லுடி!" அவ தேதி சொன்னா. அப்புறம் அந்தக் கடையில கேட்ட சத்தத்த நான் சொல்லணுமா? பக்கத்துக் கடைக்காரரு மறுபடியும் இடி விழுந்துருச்சோன்னு எட்டிப் பாத்தாரு.

அந்தக் கூச்சல்ல மங்களம் மட்டும் இல்ல. தேடினேன். பின் வாசல்ல, சந்தப் பாத்து நின்னுக்கிட்டு, ஒரு கைல முட்டிய புடிச்சுக்கிட்டு போன் பேசிக்கிட்டிருந்தாங்க. அந்தக் குரல் அவ்வளவு தணிஞ்சு நான் கேட்டதே இல்ல.

"பஸ்கார தம்பியா? மங்களம் பேசறேன்பா, மாசாய் மங்களம். எனக்குன்னு ஒரு சீட்ட புடிச்சு வைன்னு சொல்லி வச்சிருந்தேன்ல, அடுத்த மாசத்துக்கு... ஆமா, டிரைவருக்குப் பின்னால. அத வேற யாருக்காவது குடுத்துருப்பா." கொஞ்ச நேரம் கேட்டுக்கிட்டிருந்தாங்க. "இல்லப்பா, யோசிக்கறதுக்கு ஒண்ணுமில்ல. நான் வரல."

திரும்பினாங்க, என்ன பாத்துட்டாங்க. சீட்டு சொல்லி வச்சிருந்தது எங்கள்ல ஒருத்தருக்கும் தெரியாது, தேவகிக்கும் தெரியாது. புடுங்கறதுக்கு கைய நீட்டினப்ப, ஆர்டர் போச்சுன்னா ஏறறதுக்கு அந்த சீட்டு அவங்களுக்காக காத்துக்கிட்டுத்தான் இருந்துச்சு.

"தேவகிட்ட சொல்லிடாதீங்க"ன்னாங்க. அடுப்பு பத்த வைக்கறதுக்கு சந்த தாண்டிப் போனாங்க.